பாலைவன ஊரில் ஓர் ஏரிக் கணக்கு

(அல்சூர் கிளையின் மாதாந்திர உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது செயலாளர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். ஒன்று, அரை மணிக்கு மேல் போகக் கூடாது, காபி ஆறிவிடும். இரண்டாவது, "நீங்கள் பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் என்பது எல்லோருக்கும் தெரியும் சார், தயவுசெய்து கணக்குப் போட்டுக் காட்ட வேண்டாம்" என்றார். முதல் நிபந்தனையைக் காப்பாற்ற முயற்சிக்கிறேன். இரண்டாவதை மீறப் போகிறேன். மன்னிக்க வேண்டும்.

சென்ற வருஷம் இதே இடத்தில் நம் அங்கத்தினர் ஒருவர், மகனோடு துனீஷியா போய் வந்த அனுபவத்தைச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். சஹாரா பாலைவனத்தின் ஓரத்தில் தோசர் என்று ஓர் ஊர். சுற்றிலும் மணல், நடுவில் பேரீச்சந்தோப்பு. ஊற்று நீரை எந்தத் தோப்புக்கு எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு ஷப்பாத் என்ற அறிஞர் முறை வகுத்துக் கொடுத்தார் என்று அவர் சொன்னபோது நாம் எல்லோரும் கை தட்டினோம். வீட்டுக்குத் திரும்பும்போது என் மனைவி கேட்டாள்: "நம்ம பென்ஷனுக்கு சஹாராவெல்லாம் எட்டுமா?" எட்டாதுதான். ஆனால் நம் தேசத்திலேயே ஒரு பாலைவனம் இருக்கிறதே, அதன் நடுவில் 850 வருஷத்துக்கு மேலாக ஓர் ஊர் இருக்கிறதே, அதைப் பார்க்கலாம் என்று அன்றே தோன்றிவிட்டது. ராஜஸ்தானில் இருக்கும் ஜைசல்மேர்தான் அது.

போக வேண்டும் என்று தோன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024-ஆம் வருஷம் பிப்ரவரி, மார்ச் மாதங்களை பெங்களூரில் இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். வெளியூர்களில் இந்த இதழைப் படிக்கும் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்தில் ஏறத்தாழ 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகள். அவற்றில் சுமார் பாதி வற்றிவிட்டதாக அரசே சொன்னது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் போர்வெல்லும் அந்தப் பாதியைப் போலவே காற்றை ஊத ஆரம்பித்தது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அல்சூர் ஏரி தெரியும். சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி. அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே நாங்கள் டேங்கர் லாரிக்காகக் காத்திருந்தோம். சந்தியாவந்தனத்துக்குப் பஞ்சபாத்திரத்தில் ஜலம் எடுக்கும்போது கூட, "கொஞ்சமா எடுங்கோ" என்று உள்ளிருந்து குரல் வரும்.

அந்தச் சமயத்தில் எங்கள் மாப்பிள்ளைக்கு வங்கிப் பணியில் ஜோத்பூருக்கு மாற்றலாயிற்று. 2025 ஜனவரியில் நானும் மனைவியும் கிளம்பினோம். ஜோத்பூரில் பெண் வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு, மாப்பிள்ளையோடு ரயிலில் ஜைசல்மேர் போனோம். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, பிளாஸ்க் எல்லாம் கூடவே வந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி மாதக் காலைக் குளிர் அங்கே எலும்பைத் தொடுகிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் திரிகூடம் என்ற குன்றின் மேல் கோட்டை தெரிகிறது. மஞ்சள் மணற்பாறையில் கட்டியது. வெயில் ஏற ஏற, யாரோ மஞ்சளை அரைத்துப் பூசினாற் போல் நிறம் மாறுகிறது. 1156-ஆம் ஆண்டு ராவல் ஜைசல் என்ற பட்டி ராஜபுத்திர அரசர் நிறுவியது. பட்டி வம்சத்தார் தங்களை யது குலத்தவர், அதாவது கிருஷ்ண பரமாத்மாவின் வழியில் வந்தவர் என்று சொல்லிக் கொள்கிறார்கள். கோட்டைக்குள் ஜைசலு என்று ஒரு கிணறு இருக்கிறது. ஒரு சமயம் அர்ஜுனனுடன் இந்தப் பக்கம் வந்த பகவான், சுதர்சன சக்கரத்தால் பாறையைப் பிளந்து அந்த ஜலத்தை வரவழைத்தார் என்பது ஸ்தல கதை. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மற்ற ஊர்களில் ஸ்தல புராணம் தெய்வம் வந்த கதையில் தொடங்கும். இங்கே அது தண்ணீர் வந்த கதையாக இருக்கிறது.

சஹாராவின் சோலை ஊர்களுக்கும் ஜைசல்மேருக்கும் நிறைய ஒற்றுமை உண்டு. இரண்டும் ஒட்டக வியாபாரத்தால் வளர்ந்தவை. சிந்து தேசத்துக்கும் பாரசீகத்துக்கும் போகும் சரக்கு வண்டிகள் ஜைசல்மேர் வழியாகப் போயின. அந்த வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் கட்டிய மாளிகைகள்தான் இன்றும் நாம் பார்க்கும் ஹவேலிகள். பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் ஒட்டகப் பாதை நொடித்தது. 1947-ல் எல்லை போட்டதும் அடியோடு நின்றது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. தோசர் போன்ற ஊர்களுக்குப் பூமியிலிருந்து இயற்கையாகப் பொங்கி வரும் ஊற்று இருந்தது. ஜைசல்மேருக்கு அப்படிப் பொங்கும் ஊற்றும் இல்லை, வருஷம் முழுதும் ஓடும் ஆறும் இல்லை. நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. வருஷத்துக்கு மழை சராசரியாக 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான். வெயிலோ, திறந்த பாத்திரத்தில் இருக்கும் ஜலத்தில் வருஷத்துக்கு 2 மீட்டர் உயரத்துக்கு மேல் ஆவியாக்கிவிடும். அதாவது வரவு ஒரு பங்கு, செலவு பத்து பங்கு. இந்தக் கணக்கில் எந்த வீடாவது நடக்குமா? அங்கே ஊரே நடந்திருக்கிறது.

எப்படி நடந்தது என்று பார்க்கத்தான் கடிஸர் ஏரிக்குப் போனோம். 14-ஆம் நூற்றாண்டில் கட்ஸி சிங் என்ற அரசர் சீர்செய்து பெரிதாக்கியதால் அந்தப் பெயர். ஸரஸ் என்ற ஸம்ஸ்கிருதச் சொல்தான் அங்கே 'ஸர்' ஆகியிருக்கிறது. 1960-கள் வரை ஊர் முழுவதுக்கும் குடிநீர் இந்த ஏரியிலிருந்துதான். பெண்கள் தலையில் குடங்களை அடுக்கிக் கொண்டு கோட்டை ஏறினார்கள்.

கரையில் ஓர் அழகான நுழைவாயில் நிற்கிறது. திலோன் என்ற ஒரு நாட்டியக்காரி தன் சொந்தப் பணத்தில் கட்டியது என்கிறார்கள். இவள் கட்டிய வாயிலின் கீழ் அரசர் நுழைவதா என்று ஆட்சேபம் எழுந்ததாம். அந்த அம்மாள் வாயிலின் மேலேயே கிருஷ்ணருக்கு ஒரு சந்நிதி வைத்துவிட்டாள். இடிக்க யாருக்குத் தைரியம் வரும்? வாயில் இன்றும் இருக்கிறது. அரண்மனைக்காரர், வியாபாரி, நாட்டியக்காரி என்று பேதமில்லாமல் ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் அந்த ஏரிக்கு ஏதோ ஒன்றைச் செய்திருக்கிறார்கள். படித்துறை, மண்டபம், கோவில், எதுவும் முடியாதவர்கள் வண்டல் அள்ளி உடல் உழைப்பு.

ஏரியை விட ஏரியின் மேல்புறத்து நிலம்தான் என்னை நிறுத்தியது. அதற்கு 'ஆகோர்' என்று பெயர். நாம் நீர்பிடிப்புப் பகுதி என்று எழுதுவோமே, அதுதான். அந்த நிலத்தில் செருப்புக் காலோடு நடக்கக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது, அசுத்தம் செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. நாம் கோவில் கர்ப்பக்கிருஹத்துக்கு வைத்திருக்கும் மடியை அவர்கள் வெறும் கட்டாந்தரைக்கு வைத்திருந்தார்கள். காரணம் எளிது. அந்தத் தரையில் விழும் மழைதான் நாளைக்குக் குடத்தில் வரப் போகிறது. ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கலிங்கு தாண்டி அடுத்த குளத்துக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போகும்படி அமைத்திருந்தார்கள். கோவிந்தஸர், குலாப்ஸர் என்று அந்தக் குளங்களுக்குப் பெயர். நம் ஊர்ப்பக்கத்து ஏரிச் சங்கிலிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பெங்களூரிலும் ஏரிகள் அப்படித்தான் ஒன்றோடொன்று கோத்திருந்தன. இந்த விஷயங்களையெல்லாம் அனுபம் மிஸ்ர என்ற காந்தியவாதி ஹிந்தியில் 1993-ல் ஒரு புத்தகமாக எழுதினார். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று உரிமையையும் விட்டுக் கொடுத்தார். 2016-ல் காலமான அவரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

மறுநாள் மாப்பிள்ளை ஜீப் அமர்த்தி ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனார். மணலும் பாறையும் கள்ளியுமாகப் போய்க் கொண்டே இருக்கிறது. திடீரென்று ஒரு திருப்பத்தில் கண்ணுக்கெட்டியவரை பச்சைக் கோதுமை! என் மனைவி "நிறுத்தச் சொல்லுங்கோ" என்று கத்தியே விட்டாள். அந்த நிலத்துக்குக் 'கடீன்' என்று பெயர். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பாறை நிலம் சரிந்து வந்து சமவெளியைச் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு மண்கரை போடுகிறார்கள். மேலே பதினைந்து ஏக்கரில் பெய்யும் மழை கீழே ஒரு ஏக்கரில் வந்து நிற்கும் என்கிற அளவில் இடம் பார்ப்பது வழக்கம். ஆடி ஆவணி மழையில் அங்கே நீர் தேங்கி, மெல்ல மண்ணில் இறங்கும். ஐப்பசி வாக்கில் மிச்ச நீரைக் கலிங்கு வழியே விட்டுவிட்டு, ஈரமாக இருக்கும் அந்த மண்ணிலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஜலம் பாய்ச்ச வேண்டாம். அறுவடை வரை அடியில் இருக்கும் ஈரமே போதும். தேங்கிய நீர் வண்டலையும் கொண்டு வருவதால் எருவும் அதிகம் தேவையில்லை.

இன்னொரு முறையும் காட்டினார்கள். சில இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம் அடுக்கு ஒன்று பலகை போல் படிந்திருக்கிறது. மேலே விழுந்த மழை அதற்குக் கீழே இறங்கி உப்பு நீரோடு கலக்காமல் அந்தப் பலகை தடுத்துவிடுகிறது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் தண்ணீரை மூன்றாகப் பிரிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் மழை நீர், பாதாளத்தில் இருக்கும் உப்பு நீர், இரண்டுக்கும் நடுவில் மணலின் ஈரமாக ஒளிந்திருக்கும் நீர். மூன்றாவதை எடுக்கத்தான் ஒரு ஆள் மட்டும் இறங்கும் அகலத்தில் குறுகலான கிணறு தோண்டுகிறார்கள். அகலமாகத் தோண்டினால் என்ன என்று கேட்டேன். ஊறுவது துளித்துளியாகத்தான், அகலமான அடியில் அது பரவிப் போய்விடும், வாளி முழுகாது என்றார்கள். ஈரம் ஏன் மேலே ஆவியாகிப் போவதில்லை என்பதற்கு நானே விடை சொல்ல முடிந்தது. களிமண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், வெடிப்பு வழியே ஈரம் போய்விடும். மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, வெடிப்பதுமில்லை. மேலே காய்ந்த மணல், கீழே ஈர மணலுக்கு மூடியாகிவிடுகிறது. கல்லூரியில் தந்துகிக் கவர்ச்சி என்று படித்து மார்க்கு வாங்கினேன். அதை வைத்துச் சோறு உண்பவர்களை அன்றுதான் பார்த்தேன்.

கடீன் கரையில் ஒரு முதியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஹிந்தி கடைக்குப் போகும் அளவுக்குத்தான் வரும். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பெங்களூர் என்றேன். அங்கே தண்ணீர் கஷ்டமாமே, டி.வி.யில் காட்டினார்களே என்றார். ஆமாம் என்றேன். "பாவம், உங்கள் ஊரில் மழை எத்தனை?" என்று கேட்டார். வருஷத்துக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் என்று சொன்னேன். அவர் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். மொழிபெயர்ப்பில் தப்பு வந்துவிட்டது என்று நினைத்து மறுபடி கேட்கச் சொன்னார். மறுபடியும் அதையே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அந்த டீயைக் குடிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்தக் கடீன் முறையைச் சிறப்பாக வளர்த்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பாலிவால் பிராமணர்கள். பாலி என்ற ஊரிலிருந்து வந்ததால் பாலிவால். வேதம் படித்தவர்கள், கூடவே வியாபாரமும், மண் கரை போடுவதும், கோதுமை பயிரிடுவதும் தெரிந்தவர்கள். ஜைசல்மேரைச் சுற்றி 84 கிராமங்களில் அவர்கள் வாழ்ந்ததாகச் சொல்வது வழக்கம். அதில் ஒன்றான குல்தாராவைப் பார்த்தோம். நேர்நேரான தெருக்கள், கல் வீடுகள், கோவில். ஒரு ஆள் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் காலியாகிவிட்டது. சாலிம் சிங் என்ற திவானின் கொடுமை தாங்காமல் ஒரே ராத்திரியில் எல்லோரும் கிளம்பிப் போனார்கள், போகும்போது இனி இங்கே யாரும் வாழ முடியாது என்று சபித்தார்கள் என்று கைடு சொல்கிறார். பேய் இருக்கிறது என்று சொன்னால் டிக்கெட் இன்னும் விற்கும் போலிருக்கிறது. அதிக வரி காரணம் என்பவர் உண்டு. நீர் வற்றியது காரணம் என்பவர் உண்டு. வீடுகள் இடிந்திருக்கும் விதத்தைப் பார்த்து பூகம்பம் காரணமாக இருக்கலாம் என்று 2017-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. எது எப்படியோ, ஜனங்கள் போய்விட்டார்கள். அவர்கள் போட்ட முறை போகவில்லை. இன்று வேறு சமூகத்தார் அதே முறையில் கரை கட்டி உழுகிறார்கள். நாம் விட்டுப் போகக் கூடியது இதுதான் என்று எனக்குப் பட்டது.

ஜைசல்மேரை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்தால் அது உண்மையாகாது. இந்திரா காந்தி கால்வாய் வந்த பிறகு பஞ்சாப் நதிகளின் நீர் அங்கே குழாயில் வருகிறது. வரவேண்டியதுதான், பெண்களின் தலைச்சுமை குறைந்தது. ஆனால் கோட்டைக்குள் ஆன கதையைக் கேளுங்கள். அங்கே இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். குடத்தில் சுமந்து வந்த காலத்துக்காகக் கட்டிய கோட்டை அது. குழாய் வந்ததும், கூடவே ஹோட்டல்களும் குளியலறைகளும் வந்ததும், கழிவு நீர் அடியில் இறங்கி, கோட்டை நிற்கும் களிமண் அடுக்குகள் ஊறிப் போய், பல இடங்களில் சுவர் சரிந்துவிட்டது. 2013-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான கோட்டை அது. 2024 ஆகஸ்ட் மழையில் கூட ஒரு பகுதி விழுந்தது. தண்ணீர் இல்லாமல் எட்டு நூற்றாண்டு நின்ற கோட்டைக்கு, தண்ணீர் கணக்கில்லாமல் வந்ததுதான் வியாதியாகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு நாங்கள் கோட்டைக்குள் தங்காமல் கீழேதான் அறை எடுத்தோம். கடிஸரும் இப்போது படகு விடும் ஏரிதான். தேவை போனதும் மரியாதையும் குறைந்துவிடுகிறது. இதில் ராஜஸ்தான், கர்நாடகம், தமிழ்நாடு என்ற பேதம் இல்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் கல்வெட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், 919-லும் 921-லும் பொறித்தவை. நம் முன்னோர்களின் சபை அது. குடவோலையில் சீட்டு எடுத்து ஆள் தேர்ந்தெடுப்பார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். எதற்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். அதில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக் கொள்வதற்கென்றே ஒரு குழு. இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். எனக்கு 74. இடமில்லை. இன்னொரு விதியும் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் மறுபடி நிற்க முடியாது. அவர்கள் மட்டுமல்ல, உறவினர்களும் நிற்க முடியாது. சஹாராவிலும் இதே போல் உண்டு. அல்ஜீரியா நாட்டில் 'ஃபோகாரா' என்ற நிலத்தடி வாய்க்கால்கள். அந்த நீரை அளந்து பங்கு பிரிக்கும் அளவையாளர்களின் அறிவை 2018-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர் நீர்கட்டி செய்த வேலைதான். எங்கே போனாலும் இதுதான். நீர் இருக்கிற இடமெல்லாம் சோலையாவதில்லை, கணக்கு வைத்துக் கொண்ட இடம்தான் சோலையாகிறது.

கணக்குக் காட்டாதவர் என்று சொன்னேன் அல்லவா, நானும் ஒரு கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பேச்சுக்கே ஒப்புக்கொண்டேன்.

1980-களின் பிற்பகுதி. அரசுப் பணியில் நான் நடுத்தர நிலை அதிகாரி. எந்த அலுவலகம், எந்த ஊர் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். குற்றம் ஊருடையது அல்ல. ஒரு சின்ன ஏரியைக் குடியிருப்பு மனைகளாக்கலாமா என்று என் மேஜைக்குக் கோப்பு வந்தது. அதனோடு ஊர்ப் பெரியவர் ஒருவரின் மனுவும் இருந்தது. ஏரி வற்றியிருக்கிறதே தவிர சாகவில்லை, மேலே வாய்க்கால் அடைபட்டிருக்கிறது, ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள் என்று தன் கையால் எழுதியிருந்தார். நான் போகவில்லை. யாரும் லஞ்சம் கொடுக்கவில்லை, யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. மாதக் கடைசி, ஜீப் கிடைக்கவில்லை, கோப்புகள் குவிந்திருந்தன. 'பல ஆண்டுகளாக நீர் இல்லாததால் உபயோகமற்றது' என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலே போன கோப்பு என் குறிப்பின்படியே முடிந்தது. பத்து வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் பஸ்ஸில் அந்த வழியே போனேன். முழங்கால் தண்ணீரில் நின்று ஜனங்கள் வீட்டுச் சாமான்களைத் தலையில் தூக்கிக் கொண்டிருந்தார்கள். ஜலம் தன் பழைய இடத்துக்கு வந்திருந்தது. நான் எழுதியது அதற்குத் தெரியாதல்லவா? இதை இத்தனை வருஷமாக வீட்டில் கூடச் சொன்னதில்லை. கடீன் கரையில் அந்த முதியவர் மழை எத்தனை என்று இரண்டாம் முறை கேட்டபோது அந்த மனுவின் கையெழுத்து என் கண் முன்னால் வந்தது.

பெங்களூரிலேயே தர்மாம்புதி ஏரி பஸ் நிலையமானது, சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமானது என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். நம் அல்சூர் ஏரியிலேயே 2016 மார்ச்சில் மீன்கள் செத்து மிதந்ததைப் பார்த்தோம். யாரோ செய்தார்கள் என்றுதான் பேசுகிறோம். அந்த யாரோவில் என்னைப் போன்றவர்களின் கையெழுத்தும் இருக்கிறது.

திரும்பி வந்ததும் முதல் காரியமாக எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிக் குழாயைப் பார்த்தேன். மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று பெங்களூரில் 2009-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. எங்களுக்கும் குழாய் இருந்தது. அதன் மறுமுனை எங்கே போகிறது என்று பிளம்பரை வைத்துப் பார்த்தால், நேராகத் தெருச் சாக்கடைக்கு! சங்கத்துக்கு இரண்டு வருஷம் தலைவராக இருந்தவன் நான்தான்.

இப்போது அந்த ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மாடி 400 சதுர மீட்டர். 900 மில்லிமீட்டர் மழைக்கு 3,60,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தாலும் 2,88,000 லிட்டர் தேறும். இத்தனையையும் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, காவேரி நீருக்கு நிற்கிறோம். அந்தக் காவேரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏறி வருகிறது. 1,000 லிட்டரை அவ்வளவு உயரம் ஏற்ற, எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக் கொண்டால் கூட, ஏறக்குறைய 1.4 யூனிட் மின்சாரம் வேண்டும். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, தினம் 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி செய்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் நம் தலை மேல் இலவசமாக விழுவதையும் எடுத்துக் கொள்ளலாம் அல்லவா?

2025 மழைக்கு முன்னால் குழாயை மாற்றினோம். முதல் மழை அழுக்கை வெளியே விட ஒரு வால்வு, மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டி, அங்கிருந்து நிலத்தடித் தொட்டி, மிகுந்தது வற்றிய போர்வெல் பக்கத்தில் தோண்டிய குழிக்கு. முதல் பெரிய மழை ராத்திரி பதினொரு மணிக்கு வந்தது. டார்ச்சும் குச்சியுமாகத் தொட்டியில் அளவு பார்க்கப் போனேன். கீழ் வீட்டு மாமா, என் வயதுக்காரர், குடையோடு வந்துவிட்டார். ஒன்பதாயிரம் லிட்டர் சேர்ந்திருந்தது. இரண்டு கிழவர்களும் நனைந்துகொண்டு சின்னப் பையன்கள் மாதிரி சிரித்தோம். மறுநாள் மனைவி கஷாயம் போட்டுக் கொடுத்தாள். பஞ்சபாத்திரத்துக்கு மட்டும் இப்போது யாரும் அளவு சொல்வதில்லை.

அன்பர்களே, உங்களிடம் நான் ஜைசல்மேர் போய் வாருங்கள் என்று கேட்கவில்லை. போக முடிந்தவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், வெயில் தாங்காது. நான் கேட்பது வேறு. சென்னை, மும்பை, ஹைதராபாத், கோவை என்று இந்த இதழ் போகும் ஊர்களில் எல்லாம் நம் அங்கத்தினர்கள் ஏதோ ஒரு குடியிருப்புச் சங்கத்தில் காரியதரிசியாகவோ பொருளாளராகவோ இருக்கிறீர்கள். நம்மவர்களுக்கு அந்த வேலை எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. இந்த வாரம் ஒரு நாள் மொட்டை மாடிக் குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் எத்தனை லிட்டர் சேர்ந்தது என்று நம் இதழுக்கு ஒரு தபால் கார்டு அளவு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம், ஊரும் லிட்டரும் போதும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் உத்திரமேரூரில் கேட்ட அதே கணக்குதான். என் பங்குக்கு, மழையளவையும் லிட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அந்தப் பழைய கையெழுத்தை அழிக்க முடியாது. அடியில் வேறு கணக்கு எழுதலாம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். காபி வந்துவிட்டது போலிருக்கிறது.